முழங்கால் சிரட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 14 வயதுப் பிள்ளையைத் தாய் கூட்டிவந்தார். "படி இறங்கினா முழங்கால் நோகுதாம் மிஸ். ரெண்டு மூணு மாசமா சொல்றா." லயத்திலிருந்து ரோட்டுக்கு வர அவள் தினமும் செங்குத்தான படிக்கட்டு இறங்க வேண்டும். அதனால்தான் நோவு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

நடக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதங்கள் நேராகத்தான் போயின. காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். சிரட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

சின்ன வயதில் எப்படி நடந்தாள் என்று கேட்டேன். "பாதம் உள்ளுக்குத் திரும்பி, காலோட கால் தட்டி விழுவா. பிள்ளைக் காம்பராவில ஆயாம்மாவும் சொல்லும். அப்புறம் தானா சரியாயிருச்சு மிஸ்."

பாதம் நேரானது உண்மை. தொடை எலும்பு அப்படியேதான் இருந்தது.

தொடை எலும்பை மேசையில் மல்லாக்காகக் கிடத்தினால், இடுப்போடு சேரும் அதன் கழுத்து மேசையை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். பிறந்த குழந்தைக்கு இந்த முறுக்கு 40 பாகை அளவில் இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் சுமார் 15 பாகைக்கு வந்துவிடும். சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, குறையாமல் நின்றுவிடுகிறது. அப்போது எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் ஒழுங்காகப் பொருந்த, கால் முழுவதும் உள்ளே திரும்புகிறது. ஓடும்போது கீழ்க்கால் வெளிப்பக்கம் வீசிப் போகும்.

பதின்ம வயதில் கதை மாறுகிறது. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு எதிர்த்திசையில், வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பாதம் நேராகிவிடும். ஆனால் மேல் எலும்பு உள்ளே, கீழ் எலும்பு வெளியே என்று நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்கிறது. படி இறங்கும்போது சிரட்டை தன் பள்ளத்தில் ஒரு பக்கமாக இழுபட்டு நோகிறது. மட்டமான ஊரில் பல நாள் தெரியாமலிருக்கும் நோவு, நம் மலைச்சரிவில் சீக்கிரமே தலைகாட்டிவிடும்.

அந்தப் பிள்ளை பாடசாலையில் பரதம் படிக்கிறாள். முழங்காலை மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் அரைமண்டி சரியாக வரவில்லை என்று தினமும் ஏச்சு. சோம்பல் என்றார்களாம். அவள் இடுப்பு வெளிப்பக்கம் திரும்புவதே 20 பாகைக்கும் குறைவு. அதற்கு மேல் பாதத்தை வலிந்து திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் விழும். அவள் அழுதுகொண்டே செய்துவந்தது அதைத்தான். இடுப்பு விடும் அளவுக்கு மட்டும் பாதத்தைத் திறக்கவிடும்படி ஆசிரியைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி உள்ளங்கால் கூரையைப் பார்க்கவையுங்கள். பாதங்களைத் தளர்வாக வெளிப்பக்கம் சாயவிடுங்கள். பாதம் இப்படி வெளியே சாயும்போது தொடை உள்ளேதான் திரும்புகிறது. 70 பாகையையும் தாண்டி ஏறக்குறையக் கட்டிலையே தொட்டால், அதேநேரம் சம்மணம் போடவும் சிரமப்பட்டால், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பாதங்களை இரு பக்கமும் விரித்துத் தரையில் உட்காருகிறாள் என்று பிள்ளையை ஏசாதீர்கள். முறுக்கு இருப்பதால்தான் அப்படி உட்காருவது அவளுக்குச் சுகமாயிருக்கிறது.

விசேஷச் சப்பாத்து, பட்டி, இடம் வலம் மாற்றிச் செருப்புப் போடுவது எதுவும் எலும்பைத் திருப்பாது. கைக்காசை அதில் போடாதீர்கள். பயிற்சியும் எலும்பைத் திருப்பாது. ஆனால் பிட்டத் தசையும் தொடைத் தசையும் பலப்பட்டால் நோவு நன்றாகக் குறையும். எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் சத்திரசிகிச்சை, நடக்கவே கஷ்டப்படும் மிகச் சிலருக்குத்தான்.

ஒன்றில் மட்டும் தாமதிக்க வேண்டாம். 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில், அதுவரை நன்றாக நடந்த பிள்ளை நொண்டத் தொடங்கி, ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பினால், தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் வழுக்கியிருக்கலாம். பாரமான பிள்ளைகளில் இது அதிகம். எண்ணெய் பூசி நீவ வேண்டாம். நடக்கவிடாமல் த்ரீவீலில் ஏற்றி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த நோவைப் பிள்ளை பல நேரம் முழங்காலில்தான் காட்டும். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும், இடுப்பையும் எடுத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.