மேலதிகாரியின் அறை வாசலில் ஒரு நரம்பு

"நிறுவனத் தலைவரோடு தனியாகப் பதினைந்து நிமிடங்கள் பேச வேண்டியிருக்கிறது. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. எல்லோரும் சொல்வதுபோல் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தால், துடிப்பு இன்னும் கூடுகிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கவனித்தது முற்றிலும் சரி. அவருக்குக் கிடைத்த அறிவுரையில்தான் பாதி விடுபட்டிருக்கிறது.

அச்சம் எழுந்ததும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுவதும், அட்ரினலின் இரத்தத்தில் கலப்பதும், வாய் உலர்ந்து உள்ளங்கை வியர்ப்பதும் பள்ளியில் படித்தவைதான். 2004இல் உளவியல் ஆய்வாளர்களான டிக்கர்சன், கெமெனி ஆகிய இருவரும் 208 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பிறர் நம்மை எடைபோடும் சூழலும், முடிவு நம் கையில் இல்லாத நிலையும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக உயர்கிறது என்று கண்டார்கள். உயர் அதிகாரியைச் சந்திக்கும்போது இவ்விரண்டுமே இருக்கின்றன. ஆகவே படபடப்பைக் கோழைத்தனம் என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

இனி இதயத்துக்கு வருவோம். துடிப்பைத் தொடங்கிவைக்கும், இதயத்திலேயே உள்ள எஸ்.ஏ. கணு என்ற சிறு திசுவை நரம்புகளின் தொடர்பின்றித் தன்போக்கில் விட்டால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் இருக்கும் நமக்கோ 70 அளவில்தான் துடிக்கிறது. ஏனென்றால் மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு, நாள் முழுவதும் இதயத்தின்மேல் ஒரு பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கிறது. அழைப்புக்காகக் காத்திருக்கும்போது நாம் உணரும் முதல் படபடப்பில் பெரும்பங்கு, இந்த பிரேக் தளர்வதால் வருவது.

இந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1921இல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி காட்டினார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த தவளை இதயம் ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கினார். பிறகு அந்தக் கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத மற்றோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது என்பது அன்று தெளிவாயிற்று, அப்பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் அவர் நோபல் பரிசு பெற்றார். தவளையின் இதயத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுக்கும் மனப்பான்மையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இன்று நம் வாசகருக்கான விடை அந்தக் கரைசலிலிருந்துதான் கிடைக்கிறது.

அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுவதால், வேகஸின் பிடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே இறுகவும் தளரவும் முடிகிறது. மூச்சை இழுக்கும்போது முகுளம் வேகஸின் சமிக்ஞையைக் குறைக்கிறது, விடும்போது மீட்டுத் தருகிறது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, மெதுவாக மூச்சுவிட்டுப் பாருங்கள்: இழுக்கையில் துடிப்புகள் நெருங்கி வருவதையும், விடுகையில் ஒன்றுக்கொன்று விலகிப் போவதையும் விரல்நுனியே சொல்லும். இளம் வயதினரிடம் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே வாசல்முன் அமர்ந்து, மார்பு நிரம்ப இழுத்து அடக்கிவைத்துக்கொள்பவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் பாதியையே செய்கிறார். 4 வினாடி இழுத்து 6 வினாடி விட்டால், நிமிடத்துக்கு 6 மூச்சு. சில நிமிடங்கள் இதைத் தொடர்ந்தால் போதும். உள்ளங்கை மட்டும் ஈரமாகவே இருக்கலாம், ஏனெனில் வியர்வைச் சுரப்பிகளுக்கு வேகஸ் நரம்பு செல்வதில்லை. அதைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

உள்ளே போன பிறகும் இந்த வழி அடைபடுவதில்லை. நாம் பேசுவதே வெளிவிடும் மூச்சில்தான். ஒரு வாக்கியத்தை அவசரமின்றி முடித்து, அடுத்ததைத் தொடங்கும்முன் சிறிது நிறுத்தினால், எதிரில் அமர்ந்திருப்பவர் அதை யோசனை என்றே எடுத்துக்கொள்வார். அந்த இடைவெளியில் வேகஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.