கேலக்ஸிக் கொத்துகளை எடைபோடுவது எப்படி, எதற்கு?

சித்திரை மாத அமாவாசையை ஒட்டி, தாராபுரம், மூலனூர்ப் பக்கம் வெளிச்சம் படாத மேட்டுக்காட்டில் நின்று இரவு பத்து மணிவாக்கில் அண்ணாந்து பார்த்தால், கேலக்ஸிகள் (விண்மீன் மண்டலங்கள்) ஈர்ப்பால் ஒன்றுகூடிய கன்னிக் கொத்து ஏறக்குறைய நேர் உச்சியில் இருக்கும். கொங்குப் பகுதியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. கொத்து வான நடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கே உள்ளது. உத்திர நட்சத்திரத்துக்கும் விண்டெமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் நடுவே 6 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினால் அந்தக் கொத்தின் எம்84, எம்86 கேலக்ஸிகள் இரண்டும் மங்கல் திட்டுகளாகச் சேர்ந்தே தெரியும். குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். கூட்டினால் ஒளி பரவி, திட்டே மறைந்துவிடும்.

இதில் எம்86 தனிக் கவனத்துக்கு உரியது. சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கன்னிக் கொத்து, நொடிக்கு ஏறத்தாழ 1,100 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது. எம்86-ஓ நொடிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வருகிறது. கொத்தின் ஈர்ப்பில் சிக்கி உள்ளே பாய்வதால்தான் இந்த எதிர்த்திசை ஓட்டம். பாய்கிற வேகத்தில் அதன் வெப்ப வாயு உரிந்து, நீண்ட வாலாகப் பின்தங்குவது எக்ஸ் கதிர்ப் படங்களில் தெரிகிறது. கொத்து இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

கட்டுமானம் தொடங்கியது மிகச் சிறிய ஏற்றத்தாழ்வில். பெருவெடிப்புக்குப் பின் 3,80,000 ஆண்டுகளில் வெளிப்பட்ட ஆதி ஒளியில், வெப்பநிலை இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கே மாறுகிறது. சற்றே அடர்ந்த இடங்கள் சுற்றியுள்ள கரும்பொருளை (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே உணரக்கூடிய பொருளை) இழுத்தன. வெள்ளியங்கிரிச் சரிவின் ஓடைகள் கூடி நொய்யலாவதுபோல, பொருள் இழைகள் வழியே வழிந்து, இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் சேர்ந்தது. அந்த முடிச்சுகளே கொத்துகள்.

சூரியனைப்போல் நூறு லட்சம் கோடி மடங்கு எடை சேர அபூர்வமான அடர்த்தி தேவை. அதனால் ஈர்ப்பு கொஞ்சம் மெதுவாக வேலை செய்திருந்தாலும் பெருங்கொத்துகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருக்கும். எந்தக் காலத்தில், எந்த எடையில் எத்தனை கொத்துகள் என்று எண்ணினால், பிரபஞ்சம் வளர்ந்த வேகம் கிடைத்துவிடும்.

எண்ணுவதைவிட எடைபோடுவதே கடினம். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது என்று கண்டார். இன்று கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள கொத்து வாயுவை எக்ஸ் கதிரில் அளந்து, அதைப் பிடித்துவைக்க எவ்வளவு எடை தேவை என்று பார்க்கிறார்கள். வாயு அமைதியாக இருப்பதாகக் கொண்டு கணக்கிடுவதில்தான் சிக்கல்: அண்மையில் இரு கொத்துகள் மோதியிருந்தால் வாயு கொந்தளிக்கும், கணக்கில் எடை குறைந்து விழும். ஈர்ப்பு வில்லை முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. கொத்தின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் பின்னாலுள்ள கேலக்ஸிகளின் உருவம் வளைவதைக்கொண்டு மொத்த எடையையும் அது சொல்லும். ஆனால் அதே பார்வைக்கோட்டில் இருக்கும் வேறு பொருளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

2013-இல், ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் செயற்கைக்கோள் கண்ட கொத்துகளின் எண்ணிக்கை, அந்த ஒளியை வைத்துக் கணித்ததைவிடக் குறைவாக இருந்தது. எடைக்கணக்கின் மீதே பலருக்குச் சந்தேகம் எழுந்தது. 2024-இல் இரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் 5,259 கொத்துகளை, வில்லை முறையில் எடையைச் சரிபார்த்து எண்ணியபோது, ஆதி ஒளி சொன்ன வளர்ச்சியோடு விடை ஒத்துப்போனது.