தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கம்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் வாழும் நம்மவர்கள் வங்கியிலும் மருத்துவமனையிலும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் அடையாள எண், இலட்சம் கோடிகளில் எண்ண வேண்டிய 13 இலக்க முழு எண். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் சேர்ந்து 5000க்குக் குறைவாக இருந்தால் பெண், இல்லையேல் ஆண். பதினோராவது குடியுரிமையைச் சொல்லும். நிறவெறி ஆட்சியில் இனப் பிரிவையும் இவ்வெண்ணுக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தனர். அது நீக்கப்பட்டபின் பன்னிரண்டாம் இடத்தில் பெரும்பாலும் 8 நிற்கிறது.

பதின்மூன்றாவது இலக்கமோ ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முந்தைய பன்னிரண்டிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் அந்தச் சரிபார்ப்பு இலக்கத்திற்கான முறையை ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்தார். 1954இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் கிடைத்தது.

601316234508 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். (பதின்மூன்றாம் மாதத்தில் எவரும் பிறப்பதில்லை என்பதால் இது யாருடைய எண்ணும் ஆகாது.) ஒற்றைப்படை இடங்களில் உள்ள 6, 1, 1, 2, 4, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 14. இரட்டைப்படை இடங்களில் உள்ள 0, 3, 6, 3, 5, 8 ஆகியவற்றை இரட்டித்து, ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொண்டால், 0, 6, 3, 6, 1, 7 கிடைக்கும், மொத்தம் 23. இரண்டும் சேர்ந்து 37. பத்தின் மடங்காகிய 40ஐ எட்ட 3 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 3.

வெறுமனே கூட்டினால் போதாதா, ஏன் இரட்டிக்க வேண்டும்? எழுதும்போது நாம் மிகுதியாகச் செய்யும் தவறுகளில் ஒன்று அடுத்தடுத்த இலக்கங்களை இடம் மாற்றிவிடுவது. வெறும் கூட்டல் அதைக் கண்டுகொள்ளாது. மேற்கண்ட எண்ணில் 45 என்பதை 54 என்று எழுதிவிட்டால், 4+1 இருந்த இடத்தில் 5+8 வந்து, கடைசி 3ஐயும் சேர்த்த மொத்தம் 40க்குப் பதில் 48 ஆகிவிடும். கணினி உடனே மறுத்துவிடும்.

இரட்டிப்பு 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என மாற்றுகிறது. எதுவும் இருமுறை வராததால், ஓர் இலக்கம் மட்டும் பிழையானால் அது தப்பவே முடியாது. இடமாற்றம் பிடிபடுவதற்குக் காரணம் இன்னும் நுட்பமானது: மாறிய மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழித்தால் 0, 1, 2, 3, 4, –4, –3, –2, –1, 0 என்று வரும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றுக்குரிய இவ்வித்தியாசங்கள் தமக்குள் வேறுபடும் அளவுக்கே மொத்தம் மாறும். பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தாலும் இவற்றுள் முதலும் கடைசியும் மட்டுமே ஒன்றாக இருக்கின்றன. ஆகவே 09 என்பது 90 ஆனாலோ, 90 என்பது 09 ஆனாலோ மட்டும் இம்முறை ஏமாந்துபோகும். அடுத்தடுத்த வேறெந்த இணை இடம் மாறினாலும் பிடிபடும். ஓர் இலக்கம் தள்ளி நிற்பவை தமக்குள் மாறிக்கொண்டால், இரண்டும் ஒரே வகை இடங்களில் இருப்பதால், அதை இது அறியவே அறியாது.

கண்ணை மூடிக்கொண்டு தட்டும் எண்களிலும் பத்தில் ஒன்று இச்சோதனையில் தேறிவிடும். வழிமுறை தெரிந்தவர் பொருத்தமான கடைசி இலக்கத்தைத் தாமே போட்டுவிடலாம். கைப்பிழையைத் தடுப்பதற்கு அன்றி, மோசடியைத் தடுப்பதற்கு லூன் இதை வகுக்கவில்லை.