அடர்த்தியா, நெருக்கமா? ‘டென்சிட்டி’யைத் தமிழில் சொல்வது

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றம், சாயங்காலக் கூட்டம். எங்கள் பேட்டையை ஒட்டிய காலி நிலத்தில் என்ன வரப்போகிறது என்று சொல்ல அதிகாரிகள் வந்திருந்தார்கள். திரையில் வரைபடம், நிலத்தின்மேல் 2.8 என்று ஓர் எண். ஆங்கிலம் புரியாத மூத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதிகாரி ‘டென்சிட்டி’ என்றார். நான் ‘அடர்த்தி’ என்றேன். பக்கத்து நாற்காலிப் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முடிக்குத்தானே தம்பி அடர்த்தின்னு சொல்வாங்க?”

அவர் கேட்டதில் தப்பில்லை. முடி, காடு, மூடுபனி இவற்றோடுதான் பேச்சுத்தமிழில் அடர்த்தி வரும். நேர் என்பதிலிருந்து நேர்த்தி வந்ததுபோல அடர் என்பதிலிருந்து அடர்த்தி. அடர்தல் என்றால் நெருங்கியிருத்தல். அதே வினை ‘அடர்த்தல்’ ஆகும்போது நெருக்குதல், தாக்குதல் என்றும் பொருள் உண்டு. அன்றைய கேள்வி நேரத்துக்கு இந்த இரண்டாவது பொருள் கச்சிதமாகப் பொருந்தியது. இயற்பியல் பாடநூல்கள் நிறையைக் கன அளவால் வகுத்து வருவதற்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. புவியியல் நூல்கள் அதையே மக்களுக்கும் வைத்து ‘மக்களடர்த்தி’ என்றன. ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான்: திண்ணிய, தடித்த என்று பொருள்படும் ‘டென்சஸ்’ என்ற இலத்தீன் சொல்லில் பிறந்து, பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து, பிறகு மனிதர்கள்மேல் ஏறியது.

மக்களடர்த்தி கணக்கு எளிது. 2025 ஜூனில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 6.11 மில்லியன். நிலம் ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 8,300 பேர். ஆனால் அந்த நிலத்தில் நீர்ப்பிடிப்புக் காடு, விமான நிலையம், ராணுவப் பயிற்சிக்களம் எல்லாம் அடக்கம். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆகவே காலை ஏழரைக்கு லிஃப்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை இந்தச் சராசரி சொல்லாது.

திரையில் இருந்த 2.8 அடர்த்தியே அல்ல. அது ‘பிளாட் ரேஷியோ’ (plot ratio). நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் நிலத்துக்கு நிலம் எழுதியிருக்கும் எண் அதுதான். எல்லா மாடிகளின் தளப்பரப்பையும் கூட்டி நிலப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 10,000 சதுர மீட்டர் நிலத்துக்கு 2.8 என்றால் 28,000 சதுர மீட்டர் தளம் கட்டலாம். உயரம் தனிக் கணக்கு. நிலம் முழுவதையும் அடைத்து ஒரு மாடி கட்டினாலும், கால்பங்கு நிலத்தில் நான்கு மாடி கட்டி மிச்சத்தைப் புல்வெளியாக விட்டாலும் விகிதம் ஒன்றுதான். நடைமுறையில் தனியார் அடுக்குமாடிகளுக்கு 1.4 என்றால் 5 மாடி, 2.1 என்றால் 24, 2.8 என்றால் 36 என்று ஆணையம் வழிகாட்டி வைத்திருக்கிறது.

இதை ‘மனை விகிதம்’ என்று பெயர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. எதற்கும் எதற்கும் இடையிலான விகிதம் என்று அது சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இதே கணக்குக்குத் ‘தளப்பரப்புக் குறியீடு’ என்ற வழக்கு உண்டு. நான் ‘தளப்பரப்பு விகிதம்’ என்பேன். நீளம்தான், ஆனால் கேட்டவுடன் பாதி கணக்கு புரிந்துவிடும்.

விகிதமும் அடர்த்தியும் ஒன்றல்ல என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. நகர மையப் பகுதிக்கு வெளியே தனியார் அடுக்குமாடிகளில் எத்தனை வீடு கட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. முன்பு மொத்தத் தளப்பரப்பை 70-ஆல் வகுப்பார்கள். 2018 அக்டோபரில் அறிவித்து, 2019 ஜனவரி முதல் 85-ஆல் வகுக்கச் சொன்னார்கள். நம் 28,000 சதுர மீட்டரில் முன்பு 400 வீடு வந்திருக்கும், இப்போது 329. பாலஸ்டியர், பாசிர் பாஞ்சாங், லோயாங் உட்பட ஒன்பது இடங்களில் 100-ஆல் வகுக்க வேண்டும், அங்கே 280தான். கட்டடம் அதே பருமன், குடித்தனம் மட்டும் குறைகிறது. சிறுசிறு வீடுகளாகப் போட்டு நிரப்பினால் சாலையும் வாகன நிறுத்துமிடமும் தாங்காது என்ற கவலைதான் காரணம். அந்தக் குட்டி வீட்டை ஆங்கிலத்தில் ‘ஷூ பெட்டி’ என்கிறார்கள். நமக்குத் தீப்பெட்டி. நம்முடையது இன்னும் சின்னது!

மண்டபத்தில் ஒருவர் எழுந்தார். “காலையில மூணாவது பஸ்லதான் ஏற முடியுது. இதுக்கு மேல டென்சிட்டியா?” அதிகாரி நிதானமாக, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்பதால் இந்த டென்சிட்டி பொருத்தமானதுதான் என்றார். இருவர் வாயிலும் ஒரே சொல். அதிகாரி பேசியது தளப்பரப்பு, எழுந்தவர் பேசியது தோள் இடிபடுவது. தமிழில் பேசியிருந்தால் இரண்டும் தாமாகவே பிரிந்திருக்கும். பஸ்ஸில் இருப்பது அடர்த்தி அல்ல, நெரிசல். நசுங்குதல் என்று பொருள்படும் நெரிதலில் பிறந்த சொல் அது. வீடு போதாவிட்டால் இட நெருக்கடி. இவற்றுக்கு நடுவில் நிற்கும் ‘நெருக்கம்’தான் எனக்குப் பிடித்த சொல், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் பார்க்கும். சன நெருக்கமும் நெருக்கம், நெருங்கிய சிநேகிதமும் நெருக்கம். கம்பம் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் இந்த இரண்டாவதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

‘செறிவு’ என்று எழுதுவோரும் உண்டு. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் கவிதையின் பத்துக் குணங்களில் முதலாவதாக வைப்பது செறிவைத்தான். நெகிழிசை இல்லாமல், சொற்கள் தொய்வின்றி இறுக அமைவது அது. சந்தை, மருந்தகம், பள்ளி, ரயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் அமைந்த வட்டாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம். வெறுமனே வீடுகளை அடுக்கிய இடத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதற்கு அடர்த்தியே போதும்.

அடுத்த முறை அதிகாரி சொன்னபோது பாட்டியிடம், “நிலத்தைப்போல ரெண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல தளம் கட்டுவாங்க” என்றேன். தலையாட்டினார். திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என் முழங்கையைத் தொட்டார்.

“அது சரி. லிஃப்ட் எத்தனைன்னு கேளு.”