அழுத்தக் காலுறையின் இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில், சிரைக்குள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள்) இருக்கும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரசம். அவரே படுத்துக்கொண்டால் அது 10 சொச்சத்துக்கு வந்துவிடும். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தின் எடைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். எழுந்து நடந்தால், சில அடிகளுக்குள்ளேயே அந்த 90 இறங்கி 30-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுவதால் இது நடக்கிறது. தள்ளிய ரத்தம் திரும்பிவிடாமல் இருக்க வழியெங்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. வால்வு பழுதானால் நடந்தாலும் அழுத்தம் சரியாக இறங்காது. வெரிகோஸ் வெயின், அதாவது புடைத்து முறுக்கிய சிரை, உள்ளவர்களுக்கு அதுதான் நடக்கிறது.

வால்வெல்லாம் நன்றாக இருந்தும் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குச் சாயங்காலம் கால் கனத்துப்போவதும் இதனால்தான். ஜவுளிக்கடை விற்பனையாளர், டீ மாஸ்டர், போக்குவரத்துக் காவலர், அறுவை அரங்கில் நிற்கும் நர்ஸ் ஆகியோருக்குத் தசை ஓய்வாகவும் சிரை பாரமாகவும் இருக்கிறது. அழுத்தம் கூடக்கூட மெல்லிய தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தங்கும். வழக்கமாக நிணநீர்க் குழாய்கள் அதை வாரிக்கொண்டு போய்விடும். கசிவு அதற்கும் மிஞ்சினால் கால் வீங்கும். செருப்பு வார் தடம் பதியும்.

இதற்கு வெளியிலிருந்து எதிர் அழுத்தம் கொடுப்பதுதான் அழுத்தக் காலுறை. அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைப்புண் (சிரை அழுத்தத்தால் வரும், எளிதில் ஆறாத புண்) இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி விடுவதை அவர் கவனித்தார். ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் தண்ணீர் 0.74 மி.மீ. பாதரசம் அழுத்தும். 120 செ.மீ. தண்ணீரில் நின்றால் கணுக்காலில் வெளி அழுத்தம் 89. உள்ளே ரத்தம் தள்ளுவதும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். மேலே போகப்போக இரண்டும் சேர்ந்தே குறையும். கணுக்காலில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இறுக்கும் காலுறையை 1950 வாக்கில் அவர் செய்ததற்கு இந்தக் கவனிப்பே காரணம்.

வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அடுத்தது. ஒரு எலாஸ்டிக் பட்டையை ஒரே இழுப்பில் காலைச் சுற்றிக் கட்டுங்கள். மெலிந்த இடத்தில் அழுத்தம் அதிகமாகவும், பருத்த இடத்தில் குறைவாகவும் இருக்கும். லாப்லாஸ் விதி என்பது இதுதான்: இழுவிசையை ஆரத்தால் வகுத்தால் அழுத்தம். கணுக்காலின் சுற்றளவு 22 செ.மீ., கெண்டைக்கால் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணுக்காலில் 25 மி.மீ. பாதரசம் தரும் அதே இழுப்பு கெண்டைக்காலில் 15 தான் தரும். காலின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சரி, அந்த வடிவம் கெட்டுப்போனால்? கணுக்காலும் கெண்டைக்காலும் ஒரே பருமனாகும் அளவுக்கு வீங்கிய காலில், கடையில் தொங்கும் காலுறை சரியாக வேலை செய்யாது. முதலில் கட்டுப்போட்டு வீக்கத்தை வடிய வைத்து, அப்புறம்தான் அளவெடுக்க வேண்டும். கால் ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் அதன் அளவுக்கென்றே பின்னிய, பின்பக்கம் தையல் உள்ள கெட்டியான காலுறை தேவைப்படும்.

இதே விதி ஒரே காலுக்குள்ளும் இடத்துக்கு இடம் விளையாடும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலால் தடவினால் எலும்பின் கூர்மையான விளிம்பு தெரியும். அங்கே ஆரம் மிகச் சிறியது. ஒல்லியான முதியவர்களுக்குக் காலுறை முதலில் தோலை உரிப்பது அங்கேதான். நேர்மாறாக, உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு குழிவு இருக்கிறது. துணி அதன்மேல் பாலம்போட்டு நிற்குமே தவிர உள்ளே அழுத்தாது. சிரைப்புண் வருவதோ பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அனுபவமுள்ள நர்ஸ் கட்டுப்போடும்போது எலும்பு விளிம்பின் இருபுறமும் பஞ்சு வைப்பதும், குழிவுக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகுவதும் இதற்காகத்தான். மேல்விளிம்பை மடித்துவிடும் பழக்கமும் ஆபத்தானது. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் ஆகி, பாதம் முன்னைவிட வீங்கும்.

அழுத்தக் காலுறை ஒரு மருந்து, மி.மீ. பாதரசம் என்பது அதன் டோஸ் என்பதே என் எண்ணம். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பது காலின் அளவை மட்டுமே சொல்லும். ‘கிளாஸ் 2’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் போதாது. ஜெர்மன் தரத்தில் அது 23 முதல் 32 வரை. பிரிட்டிஷ் தரத்தில் 18 முதல் 24. பிரெஞ்சுத் தரத்தில் 15 முதல் 20. ஆகவே எண்ணைக் கேளுங்கள். எண்ணே போடாத காலுறையை வாங்காதீர்கள். பொதுவாக, நின்று வேலை செய்வதால் வரும் சாயங்கால வீக்கத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் 15–20 போதும். புடைத்த சிரையோடு தினமும் வீங்கும் காலுக்கு மருத்துவர் 20–30 எழுதுவார். ஆறிய சிரைப்புண் திரும்ப வராமல் இருக்கவும், நிணநீர் வடியாமல் வரும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் 30–40. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்குப் போடும் வெள்ளைக் காலுறை இந்தக் கணக்கில் சேராது. படுத்திருக்கும் காலின் குறைந்த அழுத்தத்துக்காக ஏறக்குறைய 18-ல் செய்தது அது. வீட்டுக்கு எடுத்து வந்து போட்டுக்கொண்டு நடமாடினால் வெரிகோஸுக்கு உதவும் என்று நம்ப வேண்டாம்.

எண்ணுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கால் ஏன் வீங்குகிறது? ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலியும் சூடும் இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். கடுமையான இதயச் செயலிழப்பில், காலிலிருந்து பிழிந்தெடுத்த நீர் இதயத்தின்மேலேயே சுமையாக ஏறும். அப்புறம் மாத்திரைகள். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின், ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனிகளை விரித்துவிடும், ஆனால் சிரைப் பக்கம் அந்த அளவுக்கு விரியாது. நடுவில் மாட்டிய தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் கசியும். நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. காலுறைக்குச் செலவு செய்வதற்கு முன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டினால் விஷயம் அங்கேயே தீரலாம்.

மிக முக்கியமானது தமனி. வெளியிலிருந்து அழுத்தும்போது சிரை மட்டும் நசுங்குவதில்லை. பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஏற்கெனவே அடைத்துச் சுருங்கியிருந்தால், இறுக்கமான காலுறை மிச்ச ஓட்டத்தையும் நிறுத்திவிடும். விரல்கள் கறுத்து அழுகும் அளவுக்குப் போகலாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? பாதம் ஜில்லென்று இருக்கிறதா? அப்படியென்றால் முதலில், ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டாப்ளர் கருவியால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தை எடுத்துக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 0.9-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 0.5-க்குக் கீழே என்றால் அழுத்தக் காலுறை கூடாது. இடைப்பட்டதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால், அடைப்பு இருக்கும்போதே அந்த எண் நல்லதாகக் காட்டும். போதாக்குறைக்கு, மரத்துப்போன பாதத்துக்குக் காலுறை இறுக்குவதே தெரியாது. கால் விரலின் அழுத்தத்தையும் அளந்து பார்க்காமல் அவர்களுக்கு இறுக்கமான காலுறை போடக்கூடாது.

யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. ஆனால் கிருமி போனாலும் ஏற்கெனவே வீங்கிய கால் அப்படியேதான் இருக்கும். அப்படிப்பட்ட நாள்பட்ட வீக்கத்தில் அடிக்கடி தோல் கிருமித்தொற்றும் காய்ச்சலும் வந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் இன்னும் ஏறும். காரணம் எதுவானாலும் வீங்கிய காலில் இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2020-ல் வெளியான முடிவு: அழுத்த சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காலுறை வெறும் சௌகரியத்துக்கானது என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு என்றால், முழங்கால் வரை வரும் 15–20 காலுறையே பெரும்பாலோருக்குப் போதும். தொடை வரை போவது நம் வெயிலில் சுருண்டு இறங்கி, வியர்த்துக் கொட்டி, ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விடும். விரல் திறந்த மாதிரி செருப்புக்கும் தோதாக இருக்கும். ஆனால் காலுறை போட்டிருக்கிறாரே என்று ஒருவரை நாள் முழுக்க நிற்க வைப்பது நியாயமில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. கேரளம் அதை 2018-லேயே செய்தது. நடுநடுவே ஐந்து நிமிடம் உட்காருவதும், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் கெண்டைக்கால் பம்பை ஓட வைக்கும். அழுத்தக் காலுறையும் தசை அசையும்போதுதான் முழுப் பலன் தரும்.

விளையாட்டுக்கு விற்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்ட வேகம் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கடுமையாக ஓடிய மறுநாள் வலி கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இறுக்கமாகப் போட்டிருப்பது போட்டவருக்கே தெரியும் என்பதால், அதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பிடித்திருந்தால் போடுங்கள். கால் வீங்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் பாதமில்லாத கெண்டைக்கால் உறையைத் தவிர்க்க வேண்டும். அதற்குக் கீழே நீர் தேங்கும். நீண்ட விமானப் பயணத்துக்கு ஆதாரம் வலுவானது. காலுறை போட்டவர்களுக்கு, அறிகுறி காட்டாத ரத்த உறைவு வெகுவாகக் குறைந்தது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

அளவை எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக மெலிந்த இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். செருப்பு சைஸை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போடும்போது காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்ளே வெளியாகப் புரட்ட வேண்டும். முதலில் பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வைத்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றலாம். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நீவினால் சுருக்கமில்லாமல் ஏறும். தேங்காய் எண்ணெயோ களிம்போ இரவில் கழற்றிய பிறகு தடவுங்கள். துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். தினமும் போடும் ஜோடி ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். சிரமமில்லாமல் ஏற ஆரம்பித்துவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். விரல் நீலம் பாரித்தாலோ, வெளுத்தாலோ, குத்தும் வலி வந்தாலோ, மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். கழற்றியும் சரியாகவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.