டொமைன் என்றால் ஆள்களம்

மேசைக்கு அடியில் பழைய லேப்டாப் ஒன்றை வைத்து, அதில் என் இணையதளத்தை ஓட்டத் தொடங்கியபோதுதான் டொமைன் என்ற சொல்லை நின்று கவனித்தேன். அதுவரைக்கும் அதை ‘வெப்சைட் அட்ரஸ்’ என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் ஒரு முழு நாள் போயிற்று. காசு கட்டிப் பெயரைப் பதிவு செய்தேன். பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் ‘ஏ ரெக்கார்டு’ கட்டத்தில், லேப்டாப் காட்டிய 192.168.1.10 என்ற எண்ணைப் போட்டேன். என் அறையில் தளம் அழகாகத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்த நண்பருக்குத் திறக்கவே இல்லை. அந்த எண், ரௌட்டர் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்குக் கொடுக்கும் எண். எத்தனையோ வீடுகளில் அதே எண் இருக்கும். வெளியுலகத்துக்குத் தெரிவது ரௌட்டரின் மறுபக்கத்தில் இருக்கும் பொது ஐபி எண், அதாவது இணைய முகவரி எண்தான்.

டொமைன் பெயர் வேறு, முகவரி வேறு. பெயரை முகவரியோடு இணைத்து வைக்கும் வேலை தனி. சொல்லின் பொருளை முதலிலேயே பார்த்திருந்தால் இது விளங்கியிருக்கும்.

லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. வீட்டுக்கு உடையவர் ‘டோமினுஸ்’. அவருக்கு அதன்மேல் உள்ள உரிமை ‘டோமினியம்’. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு பிரபு ஆண்ட நிலப்பரப்பைக் குறித்தது. பிறகு அறிவுத்துறைகளையும் குறித்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘மேடம்’கூட ‘என் வீட்டுத் தலைவி’ என்ற பொருளுள்ள லத்தீன் தொடரிலிருந்து வந்ததுதான். ஆக, வீட்டில் ஓடும் சர்வருக்கு டொமைன் வாங்குகிறவர் அந்தச் சொல்லை அதன் பிறந்த வீட்டுக்கே கூட்டிவருகிறார். எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

கணினி உலகம் ஏன் இந்தச் சொல்லை எடுத்தது? இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த, பெயர்களுக்கு உரிய எண்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறை அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. உச்சியில் ஒரு வேர், அதற்குக் கீழே காம், ஆர்க் போன்றவை, அவற்றுக்குக் கீழே நம்மைப் போன்றவர்கள். ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் என்ன பெயர் இருக்கலாம் என்று தானே முடிவு செய்யலாம். உதாரணம்.காம் என்பது என் கையில் இருந்தால், படங்கள்.உதாரணம்.காம், குறிப்புகள்.உதாரணம்.காம் என்று எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்வேன். யாரையும் கேட்க வேண்டாம், கூடுதல் காசும் இல்லை. ஆட்சி எல்லை என்ற பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘களப்பெயர்’, ‘தளப்பெயர்’ என்றும் எழுதுகிறார்கள். ‘தளப்பெயர்’ எனக்கு ஒத்துவரவில்லை. தளமே இல்லாமல் மின்னஞ்சலுக்கு மட்டும் டொமைன் வைத்திருப்பவர்கள் உண்டு. கணிதத்தில் வரும் ‘சார்பகம்’ வேறு பொருளுக்கானது, அதை இங்கே இழுக்கக் கூடாது. நான் எழுதுவது ‘ஆள்களம்’.

ஆள் என்ற வினையும் களம் என்ற பெயரும் சேர்ந்த வினைத்தொகை அது. ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். போர்க்களம், நெற்களம் போல எல்லை உள்ள ஓர் இடத்தில் ஒருவர் ஆட்சி செலுத்துகிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. சிலர் இதை ‘ஆட்களம்’ என்று திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஆள் என்பது மனிதரைக் குறிக்கும்போதுதான் ஆட்கள், ஆட்குறைப்பு என்று மாறும். இங்கே அது வினை. கொள்கலம் என்பதைக் கொட்கலம் என்று எழுதுவதில்லையே, அதே கணக்குதான். பெயர் சேரும்போது மட்டும் ‘ஆள்களப்பெயர்’ என்று ப் மிகும். கீழ்ப்பிரிவுக்குத் ‘துணை ஆள்களம்’ போதும்.

லத்தீன் டோமினியத்துக்கு நேரான சொல் பழந்தமிழில் உண்டு: கிழமை. உரிமை என்று பொருள். நிலக்கிழாரில் இருப்பதும் ஞாயிற்றுக்கிழமையில் இருப்பதும் அதே வேர்தான். இன்றைக்கு அது வார நாளாகிவிட்டதால் டொமைனுக்கு வைக்க முடியாது. ஆனால் இலக்கணத்தில் அது செய்யும் ஒரு பிரிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. ‘என் கை’ என்பது தற்கிழமை, என்னிலிருந்து பிரிக்க முடியாதது. ‘என் வயல்’ என்பது பிறிதின்கிழமை, கைமாறக்கூடியது. ஆள்களம் இரண்டாவது வகை. காம் போன்றவற்றை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும். புதுப்பிக்கத் தவறினால் கடைசியில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி முகவரிக்கு வருவோம். வீட்டு இணைப்பில் பொது ஐபி எண் பெரும்பாலும் நிலையாக இருக்காது. ரௌட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடலாம். அதற்காகத்தான் டைனமிக் டிஎன்எஸ். லேப்டாப்பில் ஒரு சிறு நிரல் சில நிமிடத்துக்கு ஒருமுறை பொது எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் ஏ ரெக்கார்டை மாற்றும். ரெக்கார்டின் ‘டிடிஎல்’ என்ற ஆயுளை 300 நொடியாக வைத்துவிடுங்கள். 86400 என்று விட்டால் பழைய எண்ணை மற்ற சர்வர்கள் ஒரு நாள் வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ரௌட்டரில் இணையதளத்துக்கான வாசல்களான 80, 443 என்ற இரண்டு போர்ட்டுகளையும் லேப்டாப்புக்குத் திருப்ப வேண்டும். இங்கேதான் அந்த 192.168.1.10 உதவும்.

இவ்வளவும் செய்தும் திறக்கவில்லை என்றால், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வெளி எண் எது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் இருந்தால், இணைப்பு தருபவர் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போர்ட் திருப்பிப் பயனில்லை. பொது எண் கேட்டு வாங்கலாம், அல்லது ஐபிவி6 என்ற புதிய வகை எண் இருந்தால் அதற்கான ‘ஏஏஏஏ’ (AAAA) ரெக்கார்டைப் போடலாம்.

ஆள்களத்தைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 சோதனைப் பெயர்களை வேர்ப்பட்டியலில் சேர்த்தபோது, தமிழுக்கு வந்தது ‘பரிட்சை’. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் வேரில் இருக்கின்றன. டிஎன்எஸ் உள்ளே இவை பியூனிகோட் என்ற முறையில் ரோமன் எழுத்துச் சரமாக மாறிப் போகின்றன. புள்ளிகளுக்கு இடையில் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக் கூடாது, அந்தக் கணக்கு மாறிய வடிவத்துக்குத்தான். தமிழ்ப் பெயர் பதிவு செய்வதானால் சின்னதாக வையுங்கள். ரௌட்டரையும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் அமைக்கும்போது சில இடங்கள் அந்த மாறிய வடிவத்தையே கேட்கும், அதையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.