பருத்தியின் உயரத்தை அடக்குவது எது?

பருத்தி இயல்பில் ஓராண்டுப் பயிர் அல்ல. செம்பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் இருக்கும் குடும்பத்தில்தான் இதுவும் இருக்கிறது. வெட்டாமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், சில இனங்கள் சிறு மரமாகவே ஆகிவிடும். நாம்தான் அதை ஐந்தாறு மாதத்தில் முடிக்கப் பார்க்கிறோம். நெல்லில் கதிர் வந்துவிட்டால் அந்தத் தூரின் உயர வளர்ச்சி அத்தோடு முடிந்தது. பருத்திக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கீழே காய் முற்றும்போதே நடுவில் பூ பூக்கும், அதற்கு மேலே சப்பை (பூ மொட்டு) கட்டும், நுனியோ புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். இலையில் தயாராகும் சர்க்கரைக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில் கை நீட்டுகின்றன.

இதில் நுனி ஜெயித்துவிட்டால் வயல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பறிக்க ஆள் விடும்போது உண்மை தெரிந்துவிடும். செடி மார்பளவுக்கு மதமதவென்று நிற்கும். அடியில் வெயில் விழாததால் சப்பைகள் உதிர்ந்திருக்கும், தப்பித்த காய்களும் ஈரத்தில் அழுகியிருக்கும். பூச்சிமருந்து அடித்தால்கூட மேல் இலைகளைத் தாண்டி உள்ளே போகாது. இதைத் தடுக்கத்தான் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள் வந்தன.

உயரத்தின் பின்னால் இருக்கும் பொருள் ஜிப்ரலின். அது நெல் வயலில் பிடிபட்டது. நோய் தாக்கிய நெல் நாற்றுகள் வெளிறி, ஒல்லியாக, அளவுக்கு மீறி நீண்டு வளர்வதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி எய்இச்சி குரோசாவா, ஒரு பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று 1926இல் காட்டினார். 1935இல் தெய்ஜிரோ யபுதா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். செடிகளும் தமக்கு வேண்டிய அளவு இதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்பது பிறகு தெரியவந்தது. செடியின் செல்களுக்குள் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும் சில புரதங்கள் உண்டு. ஜிப்ரலின் வந்தால் அந்தப் புரதங்கள் சிதைந்துபோகும், செல் நீளும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடுவது இப்படித்தான்.

குட்டை நெல்லான ஐஆர் 8இல், ஜிப்ரலின் தயாரிப்பின் கடைசிப் படிகளில் வேலை செய்யும் ஒரு நொதிக்கான மரபணு பழுதானது. நெல்லில் மரபணுவில் செய்ததைப் பருத்தியில் பெரும்பாலும் தெளிப்பானால் செய்கிறோம்.

அந்தத் தெளிப்பில் முக்கியமானது மெபிகுவாட் குளோரைடு. அமெரிக்காவில் 1980இல் ‘பிக்ஸ்’ என்ற பெயரில் பதிவானது. நம் ஊர்க் கடைகளில் ‘சமத்கார்’ என்று கேட்டால் தெரியும். ‘லிஹோசின்’ என்று விற்கும் குளோர்மெகுவாட்டும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான். ஜிப்ரலின் தயாரிப்பின் ஆரம்பப் படியிலேயே நொதிகளைத் தடுப்பது இவற்றின் வழி. அதனால் புதிதாக உருவாகும் ஜிப்ரலின் குறைகிறது, செல்கள் குறைவாக நீள்கின்றன, கணுவிடை குட்டையாகிறது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்கெனவே நீண்டுவிட்ட தண்டை எந்த மருந்தும் சுருக்காது. பருத்தியில் நுனியிலிருந்து எண்ணினால் மேலே உள்ள நான்கைந்து கணுவிடைகள் மட்டும்தான் இன்னும் நீண்டுகொண்டிருக்கும்; அதற்குக் கீழே உள்ளது முடிந்த கதை. செடி நெஞ்சளவு வந்த பிறகு மருந்து வாங்க ஓடுவதில் பயனில்லை என்பது இதனால்தான். இன்னொன்று, மருந்து செடிக்குள் போனபின் புதிய வளர்ச்சி சேரச்சேர நீர்த்துக்கொண்டே போகும். முழங்கால் அளவுச் செடியைக் குறுக்கிவிடும் அதே அளவு மருந்து, இடுப்பளவுச் செடியில் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரே தடவை நிறைய அடிப்பதைவிட, சப்பை கட்டும் பருவத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அடிக்கும் முறை வந்ததற்கு இந்த நீர்த்தலே காரணம்.

தெளித்து ஒரு வாரம், பத்து நாளில் இலைகள் சிறுத்து, தடித்து, கரும்பச்சையாகும். “பயிர் எப்படித் தேறிடுச்சு பாருங்க” என்று விற்பவர் காட்டுவது இதைத்தான். பச்சையம் குறைந்த பரப்பில் அடர்த்தியாக நிற்பதால் வரும் நிறம் அது. அதை விளைச்சலின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெபிகுவாட் அடித்ததால் மகசூல் நிச்சயம் கூடும் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பல சோதனைகளில் உயரம் குறைந்திருக்கிறது, மகசூல் அப்படியே இருந்திருக்கிறது.

சரி, ரகத்துக்கு ரகம் என்ன வித்தியாசம்? ஒரு ரகத்தில் மருந்து வேலை செய்து இன்னொன்றில் வேலை செய்யாமல் போவதில்லை. ரகத்தைப் பொறுத்து மாறுவது மருந்தின் தேவைதான். செடியின் வளர்ச்சியை அடக்கும் மிகப் பெரிய சக்தி அதன் மேல் இருக்கும் காய்ச் சுமை. சீக்கிரமே அடிக்கணுக்களில் காய் பிடித்து நிறுத்திக்கொள்ளும் ரகத்தில் சர்க்கரையைக் காய்கள் இழுத்துக்கொள்ளும், நுனி தானாகவே தளர்ந்துவிடும். அதன்மேல் மருந்தையும் அடித்தால் வளர்ச்சி முன்கூட்டியே நின்று, மேலே வரவேண்டிய காய்களும் வராமல் போகும். காய்ப்பைத் தாமதமாகத் தொடங்கி, இலையும் தண்டுமாக ஓங்கும் ரகமே மருந்து தேடும் ரகம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2000களில் டிபி 555 என்ற ரகம் பெரும்பாலான பருத்தி நிலத்தைப் பிடித்திருந்தது. நல்ல மகசூல், ஆனால் அடங்காத வளர்ச்சி. அங்கே அப்போது அந்த ரகத்தையும் மெபிகுவாட்டையும் பிரித்துப் பேசவே முடியாது என்ற நிலை இருந்தது. குட்டையாக, சீக்கிரம் முடியும் ரகம் போட்டவர்கள் அதே மருந்தை யோசித்து யோசித்துத்தான் தொட்டார்கள். ரகம் ஒரே மாதிரி இருந்தாலும், பூச்சியால் ஆரம்பச் சப்பைகள் உதிர்ந்த வயலில் செடி ஓங்கிவிடும். காய்ப்புழுவைத் தாங்கும் மரபணு மாற்றப் பருத்தியான பிடி (Bt) பருத்தி வந்தபின் காய்ப்புழுச் சேதம் குறைந்து ஆரம்பக் காய்கள் நின்றதால், இந்தத் தேவையே பல இடங்களில் மாறியது.

நம்மிடம் கதை வேறு மாதிரிப் போகிறது. இந்தியாவில் பருத்தி நிலத்தின் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகங்கள். விதை விலை அதிகம் என்பதால் இடைவெளி விட்டு நடுகிறோம். 90-க்கு 60 சென்டிமீட்டர் என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 18,500 செடி. 120-க்கு 60 என்றால் 14,000கூட வராது. இந்த இடைவெளியை நிரப்பச் செடி புதராக விரிந்தே ஆக வேண்டும். அங்கே போய் வளர்ச்சியை முன்கூட்டியே அடக்கினால் வெயில் வீணாகத் தரையில் விழும்.

அடர் நடவில் நிலைமை தலைகீழ். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 17, வளர்ச்சிக் கிளைகள் இல்லாமல், குட்டைக் காய்ப்புக் கிளைகளோடு ஏறத்தாழ 130 நாளில் முடியும் ரகம். 100-க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் ஹெக்டேருக்கு ஒரு லட்சம் செடி. காய்க்கு 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், செடிக்கு 8 காய் நின்றாலே 32 குவிண்டால் கணக்கு வந்துவிடும். ஒரு செடியும் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் வெயிலுக்காகச் செடிகள் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கும். நல்ல நீரும் தழைச்சத்தும் கிடைத்தால் குட்டை ரகமும் நீளும். அதனால் அடர் நடவுப் பரிந்துரைகளில் மெபிகுவாட் ஓர் அங்கமாகவே இருக்கிறது. மறுபக்கம், 1974இல் கோயம்புத்தூரில் உருவான சுவின் போன்ற மிக நீண்ட இழை ரகங்கள் பார்படென்ஸ் என்ற தனிப் பருத்தி இனம். இயல்பிலேயே உயரம், நாளும் அதிகம். கோ 17-க்கான தெளிப்பு அட்டவணையைத் தூக்கி இதற்குப் போட முடியாது.

பெரம்பலூர் கரிசலில் மானாவாரிப் பருத்தி போட்டவருக்கு இந்த மருந்தைப் பற்றிப் பெரும்பாலும் கவலையே வேண்டாம். ஈரம் குறையும்போது செடி தானாக நின்றுவிடும். வாடுகிற செடிக்கு மெபிகுவாட் அடிப்பது கெடுதல்.

அப்படியானால் நாள் பார்த்து அடிப்பதா? செடியைப் பார்த்து அடிப்பதே சரி. ஆஸ்திரேலியாவில் ஒரு வாரத்தில் கூடிய உயரத்தை, அதே வாரத்தில் கூடிய கணுக்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஒரு கணுவுக்கு 5.5 சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் மருந்தை யோசிப்பார்கள். ஒரு ஸ்கேலும் நோட்டும் போதும். பூக்கும் வயலில் இன்னொன்றும் பார்க்கலாம்: முதன்மைத் தண்டை ஒட்டிய வெள்ளைப் பூக்களில் உச்சியில் இருப்பதற்கு மேலே எத்தனை கணு என்று எண்ணுவது. பூப்பு தொடங்கும்போது ஒன்பது, பத்து இருந்தால் செடி தெம்பாக இருக்கிறது. ஐந்துக்கு இறங்கினால் அது கடையைக் கட்டத் தொடங்கிவிட்டது, மருந்துக்கு வேலையில்லை.

நடைமுறையில் குழப்பம் கடையில்தான் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் அங்கே ‘டானிக்’ என்று ஒரே பெயர். சப்பை உதிராமல் இருக்க அடிக்கும் என்ஏஏ (NAA), ஜிப்ரலினிலிருந்து வேறான ஆக்சின் என்ற ஹார்மோன் வகை. காம்பில் உதிர்வு அடுக்கு உருவாவதைத் தாமதப்படுத்தும், உயரத்தைக் குறைக்காது. ஜிப்ரலின் கலந்த ஊக்கிகளும் பருத்திக்கென்று விற்கப்படுகின்றன. ஒருவர் ஒரே மாதத்தில் அதையும் மெபிகுவாட்டையும் அடித்தால், செடியில் ஜிப்ரலினைக் குறைக்க ஒரு பாட்டிலுக்கும், அதையே வெளியிலிருந்து கொடுக்க இன்னொரு பாட்டிலுக்கும் பணம் கட்டியவர் ஆகிறார். லேபிளில் வேதிப்பெயரைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும்.

மருந்தே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது: நுனி கிள்ளுதல். மெபிகுவாட் முக்கியமாகக் கணுவிடையைக் குறுக்கும். கிள்ளுவது புதுக் கணு வருவதையே நிறுத்தும். இதிலும் ரகம் பார்த்துத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எண்ணிக்கை சொல்கிறது: சாதாரண ரகங்களுக்கு 75 முதல் 80 நாளில் 15ஆவது கணுவுக்கு மேல், வீரிய ஒட்டுக்கு 85 முதல் 90 நாளில் 20ஆவது கணுவுக்கு மேல். ஆள் கூலிதான் செலவு. சீனாவின் சின்ஜியாங்கில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் செடி நடும் வயல்களில் மெபிகுவாட்டைப் பலமுறை அடித்துவிட்டு, நுனியையும் கையால் கிள்ளுவது வழக்கம். ஆள் கிடைக்காமல் போகவே, இப்போது அந்தக் கிள்ளுதலையும் தெளிப்பிலேயே முடிக்கப் பார்க்கிறார்கள்.